இறக்கிட்டு வரேன்

எங்கள் வீட்டு மாடி அறையின் தரையில் நான்கு துளைகள் இருக்கின்றன. எட்டு மில்லிமீட்டர் துளைகள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அங்கே குடியிருந்த அம்மாள் காலி செய்த பிறகு அந்த மாடிக்கு மூன்று குடும்பங்கள் வந்துவிட்டன. மூன்றுமே வந்த முதல் வாரத்தில் துளைகளைக் காட்டி, "இது எதுக்கு சார்?" என்று கேட்டன. முதல் குடும்பத்துக்கு விளக்கமாகச் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த இரண்டு குடும்பங்களுக்கும் சுருக்கமாக, "பிளேன் நின்ன இடம்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

சிமெண்ட் வைத்து அடைக்க ஐந்து நிமிடம் போதும் என்கிறாள் என் மனைவி. ஐந்து நிமிடம் போதாது. கொத்தனார் வருவதற்கே நான்கு நாள் ஆகும். வந்தாலும் தரையின் பச்சை நிறத்துக்கு அவர் கலவை சேராது. அதனால்தான் அடைக்கவில்லையா என்று கேட்டால், அதனால் மட்டும் இல்லை.

தெருவில் அவருக்குக் கிரேன்காரம்மா என்று பெயர். ஓசூர் சிப்காட்டில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் கூரைக்கு அடியில் ஓடும் பெரிய கிரேனை ஓட்டிக்கொண்டிருந்தார். இரும்பு ஏணியில் முப்பத்தெட்டுப் படி ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் ஷிப்ட் முடியும்வரை பூமியோடு சம்பந்தம் கிடையாது. வயது நாற்பத்திரண்டு. ஒல்லியான உருவம், கனமான குரல். வீட்டில் தெலுங்கு பேசுவார், தெருவில் தமிழ். கீழே நின்று கை காட்டும் ஆள் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரர் என்பதால் கிரேன் கன்னடத்தில் ஓடியது. கணவர் பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பசுமைக்குடில்களைப் பார்த்துக்கொள்பவர். எங்கள் மாடியில் அவர்கள் இருந்த மூன்று வருடம் ஏழு மாதத்தில் அந்த மனிதர் என்னிடம் பேசிய வாக்கியங்கள் இருபதைத் தாண்டாது. பேச வேண்டியதையெல்லாம் மனைவி முடித்துவிடுவார் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அந்த அம்மாள் எதையும் முடிக்காமல் விடமாட்டார். அவரைப் பற்றி எதைச் சொல்லத் தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும். கிரேன் வேலையில் முதல் விதி, கொக்கியில் லோடு தொங்கும்போது ஓட்டுநர் கூண்டை விட்டு இறங்கக்கூடாது. தீப்பிடித்தால்கூட முதலில் லோடு தரைக்கு வர வேண்டும், பிறகுதான் ஆள். மற்றவர்கள் அந்த விதியைத் தொழிற்சாலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் கூடவே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நான் அதை முதலில் கண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மாடியில் குக்கர் விசிலடித்தது. நான் எண்ணினேன். எண்ண வேண்டும் என்று எண்ணுவதில்லை. இருபத்தொன்பது வருடம் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவனுக்கு அது மூச்சு விடுவது போல நடக்கும். ஆறாவது விசிலில் சாம்பார் என்று நினைத்தேன், ஒன்பதில் கொண்டைக்கடலை என்று, பதினொன்றில் எனக்குக் கவலை வந்தது. பதினேழு படி ஏறி மேலே போனேன். கதவு திறந்திருந்தது.

அறையின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் கால்கள் ஒரு பலகையில் முடுக்கப்பட்டு, பலகை நான்கு போல்ட்டுகளால் என் தரையில் முடுக்கப்பட்டிருந்தது. என்னைக் கேட்காமல். நாற்காலியில் அவர். முகத்தில், கண்களை முழுவதும் மூடி, கறுப்பாக ஒரு பெட்டியைக் கட்டியிருந்தார். வலது கை ஒரு கம்பைப் பிடித்திருந்தது. தலை ஆந்தையைப் போல மெதுவாகப் பின்னால் திரும்பி, என்னைக் கடந்து, ஜன்னலைக் கடந்து, மறுபடி முன்னால் வந்தது. என்னைப் பார்த்த அடையாளமே இல்லை.

"ஏம்மா, குக்கர்," என்றேன்.

"கேக்குது சார். இறக்கிட்டு வரேன்."

"பதினாலு விசில் ஆச்சு."

"பருப்பு கீழதான சார் இருக்குது. பிளேன் மேல இருக்குது."

பதினாறாவது விசிலில் நானே அடுப்பை அணைத்தேன். போல்ட்டைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தபோது பக்கத்துக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு மைதானம் மேலே எழும்பி வந்தது. பூமி இந்த வேகத்தில் என்னை நோக்கி வந்து நான் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். விமானம் தரையைத் தொட்டு, இரண்டு முறை குதித்து, நின்றது. அதன் பிறகுதான் அவர் பெட்டியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றிலும் சிவப்பாக ஒரு சதுரத் தடம்.

"சொல்லுங்க சார், என்னவோ விசிலுன்னீங்க."

கண்ணில் கட்டினால் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு உள்ளேயே இருப்பது போலக் காட்டும் அந்த வி.ஆர். பெட்டி அவருடைய தம்பி வாங்கியது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்த அந்தத் தம்பி ஆசையாக வாங்கி, இரண்டாம் நாளே தலைசுற்றி வாந்தியெடுத்து, கம்ப்யூட்டரோடு சேர்த்து அக்காவிடம் ஒப்படைத்துவிட்டார். அக்காவுக்குத் தலை சுற்றவில்லை. பதினெட்டு வருடம் உயரத்தில் ஊர்ந்த தலை அது. விளையாட்டு மிகப் பழையது. உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானங்கள், மூக்கில் காற்றாடி சுற்றுபவை. அது வெளிவந்தபோது இப்படிப் பெட்டி கட்டி உள்ளே போய் உட்காரலாம் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

"செஞ்ச கம்பெனி பாதியில விட்டுட்டுப் போயிட்டான் சார்," என்று எனக்கு விளக்கினார். "ஆனா ஆடுனவங்க விடல. எந்தெந்த ஊர்லயோ உக்காந்துக்கினு ஒருத்தன் மேகத்தச் சரி பண்றான், ஒருத்தன் மலைய வரையறான், ஒருத்தன் இந்தப் பொட்டிக்குள்ள தெரியற மாதிரி பண்ணிட்டான். மாசத்துக்கு ஒருக்கா புதுசா அனுப்பறாங்க. ஒருத்தருக்கும் சம்பளம் கெடையாது."

"சம்பளம் இல்லாம எதுக்கும்மா இவ்வளவு?"

"தொங்கிக்கினு இருக்குதில்ல சார்," என்றார், எனக்கு இதுகூடத் தெரியாதா என்பது போல.

அந்தக் கூட்டத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு குறிப்பிட்ட விமானத்தில் இடது சக்கரம் வெளியே வந்தாலும் கடைசியில் பொருந்தும் அந்தச் சின்ன அதிர்வு வருவதில்லை என்று கண்டுபிடித்தார். அதை ஆங்கிலத்தில் எழுதி என்னிடம் திருத்தக் கொடுத்தார். இடது சக்கரம் இறங்குகிறது, ஆனால் உட்காரவில்லை என்று எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் சக்கரம் உட்காராது என்று சொல்லி, நான் ஏழு வரியில் அழகாக வேறு எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது உங்க சக்கரம் சார், என் சக்கரம் உக்காரல," என்று சொல்லித் தன்னுடையதையே அனுப்பினார். பத்தொன்பதாம் நாள், பெயரை உச்சரிக்க முடியாத ஒருவரிடமிருந்து நன்றி வந்தது. அந்த மாதத் திருத்தப் பட்டியலில் முப்பத்தோராவது வரி: இடது சக்கரம் இப்போது உட்காருகிறது. அதை அச்செடுத்துக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார். நான் அந்தக் குளிர்பெட்டிப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

சண்டை விமானம் என்பதால் சண்டையும் போடுவார். நன்றாகவே சுடுவார். ஒரு நாள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரி விமானம் ஒன்று புகைந்தது, உள்ளே இருந்தவன் குதித்தான், வெள்ளையாகப் பாராசூட் விரிந்தது. மற்றவர்கள் என்றால் அடுத்த எதிரியைத் தேடிப் போவார்கள். இவர் அந்தப் பாராசூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான்கு நிமிடம் பத்து விநாடி. அதற்குள் இன்னொரு எதிரி பின்னால் வந்து இவருடைய வாலைச் சல்லடையாக்கிவிட்டான்.

"ஏம்மா, அவன் எதிரிதானே?"

"எதிரிதான் சார். அதுக்காக நடுவுல உட்டுட்டு வர முடியுமா? காத்து வேற அடிக்குது."

அவன் கால் தரையில் பட்ட பிறகுதான், பாதி வாலோடு தட்டுத்தடுமாறி வீடு திரும்பினார்.

இன்னொரு நாள் மாலை நான்கரைக்கு மின்சாரம் போனது. ஆறு மணிக்கு என் மனைவி இட்லி மாவு கேட்க மேலே போய், திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு ஒரு மாதிரி உக்காந்திருக்கு. யாராவது தவறிட்டாங்களா?" என்றாள். நான் போனேன். நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் திரை கறுப்பாக இருந்தது.

"மேலயே நிக்குது சார்," என்றார்.

"எது?"

"பிளேன். எண்ணாயிரம் அடியில உட்டுட்டேன்."

அது எங்கும் நிற்கவில்லை, மின்சாரம் போனதும் விளையாட்டே இல்லாமல் போய்விடும், உலகத்தில் எந்த எண்ணாயிரம் அடியிலும் அப்படி ஒரு விமானம் கிடையாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "புரியுது சார். ஆனா சோறு எறங்கல." எட்டு மணிக்கு மின்சாரம் வந்தது. அதே விமானத்தை, அதே இடத்திலிருந்து மறுபடி கிளப்பி, எண்ணாயிரம் அடி ஏற்றி, இறக்கி நிறுத்திவிட்டுத்தான் சாப்பிட்டார். மேலே தட்டு வைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பைத்தியம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"முடிக்கறது பைத்தியமா?" என்றாள் என் மனைவி. அது எனக்கான குத்து. அதைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள், இங்கிலாந்தில். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு நாங்கள் இருவரும் போவதாக ஏற்பாடு. நான் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. இங்கிருந்து பெங்களூரைத் தாண்டி தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம், வழியில் வேகத்தடைகள் அறுபத்து மூன்று. கண்ணாடிக் கதவு வரைக்கும் போனேன். அங்கே என் வயிறு புரண்டது. எனக்குப் பயம் என்று நான் சொல்லவில்லை, வயிறு என்றுதான் சொன்னேன். நான்கு பெட்டிகளோடு திரும்பி வந்தோம். அதே அறுபத்து மூன்று வேகத்தடைகள். மனைவி ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. மகள் பேசினாள், அது இன்னும் மோசம். "பரவாயில்லப்பா, அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றாள். அந்த "பாக்கலாம்" என்னுடைய சொல். அதுவரை அவளிடம் பதினோரு முறை சொல்லியிருக்கிறேன்.

பெட்டிகளை இறக்கும்போது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர், "என்னா சார், ஏறவே இல்லையா?" என்று கேட்டார். நான் பெட்டிகளை எண்ணினேன், நான்கு. அதற்குப் பிறகு பத்து மாதம் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் தலைக்கு மேல் ஏதோ கயிறு ஆடுவது போல அண்ணாந்து பார்ப்பார்.

இரண்டாவது பிறந்தநாள் வந்தது. டிக்கெட் எடுத்தாயிற்று. "இந்த வாட்டி நீங்க வயித்தப் புடிச்சீங்கன்னா நான் மட்டும் ஏறிடுவேன். திரும்பி எப்ப வருவேன்னு கேக்கக் கூடாது," என்று மனைவி சொல்லிவிட்டாள். நாற்பது வருடம் என்னை எதிலும் மிரட்டாதவள். அவள் சொன்னால் செய்வாள். அந்தக் குரலைக் கேட்டு மாடி இறங்கி வந்தது.

"ஏழு வாரம் இருக்குது," என்றார் கிரேன்காரம்மா. "வாரத்துக்கு ரெண்டு நாளு. வந்து உக்காருங்க சார். பயம் எங்க இருக்குதுன்னு பாத்து இறக்கிடலாம்."

"பயம்னு யார் சொன்னது? வயிறு."

"சரி, வயித்தயே இறக்கலாம்."

மேலே போனேன். பெட்டியைக் கட்டிவிட்டார். கண்ணைத் திறந்தால் மாடி அறை இல்லை. ஒரு சின்னக் கூண்டு. குனிந்து பார்த்தால் என் வேட்டியையும் காணோம், வேறு யாருடைய தொடைகளோ காக்கிக் கால்சட்டைக்குள் இருந்தன. தலையைத் திருப்பினால் இடது பக்கம் இறக்கை, நிஜமான நீளத்துக்கு. கத்திவிடலாம் என்று நினைத்தபோது முன்னால் இருந்த முள் கடிகாரங்கள் கண்ணில் பட்டன. எண்ணினேன். பத்தொன்பது. இறக்கையில் ஆணித் தலைகள் வரிசையாக இருந்தன. அறுபத்து நான்கு. என் மூச்சு அதன் இடத்துக்குத் திரும்பியது. ஆகாயத்தில் எண்ணுவதற்கு ஒன்றுமே இருக்காது என்று அறுபத்தெட்டு வருடம் நான் நம்பியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த விளையாட்டின் நிலத்துக்கு ஏதோ ஐரோப்பியப் பெயர்கள். அவர் அவற்றை ஏற்கவில்லை, எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயர்களையே வைத்துக்கொண்டார். அங்கே இருந்த ஏரி கெலவரப்பள்ளி டேம். குன்று கிருஷ்ணகிரி மலை. குண்டும் குழியுமாக இருந்த ஓடுபாதை பாகலூர் ரோடு. "டேம் தாண்டி, மலைய இடப்பக்கம் உட்டுட்டு, பாகலூர் ரோட்ல உக்கார வைங்க சார்," என்பார். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

நான்காவது வகுப்பில்தான் சிக்கல் புரிந்தது. அமைதியாக இருக்கும்வரை அவர் தமிழில் சொல்லித் தருவார். லேசாகப் பதற்றம் வந்தால் தெலுங்கு. லோடு இறங்குகிறது என்றால், பதினெட்டு வருடப் பழக்கம், கன்னடம்தான் வரும். திட்டுவதற்கு மறுபடி தமிழ். எனக்குத் தெலுங்கில் பதினேழு சொற்கள் தெரியும், கன்னடத்தில் நாற்பத்து மூன்று. எண்ணி வைத்திருக்கிறேன். அன்று அவர் பயன்படுத்திய இரண்டு சொற்களும் அந்த அறுபதில் இல்லை.

அன்று ஏரியைத் தாண்டினேன். மலை இருக்க வேண்டிய இடத்தை விட்டு எனக்கு நேரே வந்தது.

"குடி சார்," என்றார்.

வெயில் நாள். தண்ணீர் வேண்டாம் என்று நினைத்தேன்.

"குடி. குடி. சார், குடி."

இவ்வளவு வற்புறுத்துகிறாரே என்று கம்பை விட்டுவிட்டுக் கையை நீட்டித் துழாவினேன். பக்கத்து முக்காலியில் அவர் எனக்காக வைத்திருந்த மோர் தம்ளர் அகப்பட்டது. குடித்தேன். தெலுங்கில் குடி என்றால் வலது பக்கம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பாதித் தம்ளரில் எப்படியோ மலை இடது பக்கம் ஒதுங்கிப் போய்விட்டது. முன்னால் பாகலூர் ரோடு.

"இளி," என்றார். குரல் மாறிவிட்டது. கிரேன் கூண்டிலிருந்து பேசுகிறார். "இளி, இளி, மெல்ல இளி."

ஒரு நிமிடம் யோசித்தேன். பெரியவனைப் பார்த்து இப்படிச் சொல்கிறாரே என்று வருத்தம்தான். ஆனால் பயத்தைப் போக்க டாக்டர்கள்கூடச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். இளித்தேன்.

"இன்னும் இளி."

இன்னும் இளித்தேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி முருங்கைக்கீரையோடு வாசலில் வந்து நின்றாள். அவள் கண்டதை அவளே பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்: முகத்தில் பெட்டி கட்டிய ஒரு கிழவர், ஒரு கையில் மோர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, சொந்தப் பல் இருபத்தொன்றும் கட்டிய பல் நான்குமாக, சுவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தார். திரையில் விமானம் பாகலூர் ரோட்டைத் தாண்டி ஒரு மாட்டுக் கொட்டகையில் மோதியது.

"என்னம்மா பண்ணின இவர?" என்றாள்.

"இறங்குங்கன்னு சொன்னேம்மா," என்றார் அவர், பாவமாக. "இளின்னேன். கன்னடத்துல."

எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தொரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர் "இளீரி" என்று மரியாதையாகச் சொன்னால் எல்லாரோடும் சேர்ந்து இறங்கத் தெரியும், மொட்டையாகச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். இனி தமிழில் மட்டும் சொல்வது என்று முடிவாயிற்று. இடது, வலது, மேலே, கீழே என்று தாளில் எழுதித் திரைக்கு மேல் ஒட்டினார். அடுத்த வகுப்பில் மலை வந்ததும் தாளைப் பார்த்துக்கொண்டே "குடி" என்றார். அவர் மாறுவதைவிட நான் மாறுவது சுலபம் என்று விட்டுவிட்டேன். தெலுங்குச் சொற்கள் குடி, எடம என்று பத்தொன்பதாயின. கன்னடம் நாற்பத்து நான்கு. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் என் உதடு விரிவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. இளி என்றால் கையும் இறக்கும், வாயும் இளிக்கும். ஒன்றில்லாமல் மற்றது நடக்காது என்றாகிவிட்டது.

பதின்மூன்று வகுப்புகளில் முப்பத்தொரு முறை இறக்க முயன்றேன். முப்பது முறை நிலத்தில் மோதினேன், ஒரு முறை கெலவரப்பள்ளி டேமில் விழுந்தேன். ஒரு முறைகூட அவர் "பரவாயில்ல சார்" என்று சொன்னதில்லை. "இன்னும் தொங்குது," என்பார், மறுபடி கிளப்புவார்.

பதினாலாவது, கடைசி வகுப்பு, பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால். அன்று எல்லாம் அமைந்தது. ஏரி சரியாகப் போயிற்று. மலைக்குக் குடி. பாகலூர் ரோடு நேராக, அகலமாக, எனக்காக விரித்தது போலக் கிடந்தது. அவர் "இளி... இளி..." என்று முணுமுணுத்தார். நான் இளித்துக்கொண்டே இறங்கினேன். தரைக்கு அறுபது அடி. சக்கரம் இரண்டும் வெளியே வந்து உட்கார்ந்தது, இடதும்தான்.

மின்சாரம் போயிற்று.

பெட்டிக்குள் இருட்டு. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே எங்கள் இன்வெர்ட்டர் விசிறியை ஓட்டும் சத்தம் கேட்டது. அது விசிறிக்கும் விளக்குக்கும் மட்டும்தான்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, நாளை மறுநாள்தான் என்று தெருவில் சொன்னார்கள். நாளை மறுநாள் நான் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. இரண்டு முறை ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். பாதியில் நிறுத்துவது அவர் வழக்கமில்லை.

"அறுபது அடி சார்," என்றார் கடைசியில்.

"ஆமாம்மா."

"உங்க பிளேன் மேலயே நிக்குது."

உலகத்தில் எந்த அறுபது அடியிலும் அப்படி ஒரு விமானம் கிடையாது என்று இந்த முறை நான் சொல்லவில்லை.

"அங்க போயி இறக்கிடுங்க சார்," என்றார்.

தேவனஹள்ளியில் அதே கண்ணாடிக் கதவு. வயிறு சரியாக அதே இடத்தில் புரண்டது. என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை, தன்னுடைய இரண்டு பெட்டிகளை மட்டும் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் நின்றேன். திரும்பிப் போனால் அறுபத்து மூன்று வேகத்தடை, வீடு, பதினேழு படி, மேலே அவர். நான் எதுவும் சொல்ல வேண்டாம், அண்ணாந்து என் தலைக்கு மேல் பார்ப்பார், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை ஐந்து பத்திலிருந்து அறுபது அடி உயரத்தில் நின்றுகொண்டிருக்கிற ஒன்றை யார் இறக்குவது? இப்படி நினைப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கால் நடந்துவிட்டது. மதியம் ஒரு மணிக்கு இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: ஏறியாச்சு.

ஜன்னல் வழியாக இறக்கை தெரிந்தது. என் கண்ணுக்குத் தெரிந்த வரிசையில் இருநூற்றுப் பதினெட்டு ஆணித் தலைகள். நடுவழியில் விமானம் குலுங்கியபோது மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், கூடவில்லை, குறையவில்லை. பத்தரை மணி நேரம். கடைசியில் மேகம் விலகி, கீழே வெயிலில் வீடுகளும் ஒரு ஏரியும் தெரிந்தன. விமானம் வலது பக்கம் சாய்ந்தது. குடி, என்று நினைத்தேன். நேராயிற்று. தரை மெதுவாக மேலே வரத் தொடங்கியது.

"எதுக்கு இளிக்கிறீங்க?" என்றாள் என் மனைவி.

"இறங்கறோம்."

"இறங்கறதுக்கு எதுக்கு இளிப்பு?"

"கன்னடத்துல ரெண்டும் ஒண்ணுதான்," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் பிடித்தது அவள்தான், நான் இல்லை, இதை எழுத்தில் பதிந்து வைக்க விரும்புகிறேன். சக்கரம் தொட்டது. குதிக்கவில்லை. உட்கார்ந்தது.

அங்கே மாலை வெயில், ஓசூரில் இரவு பதினொன்றரை. தூங்கியிருப்பார், மறுநாள் முதல் ஷிப்ட் என்று சொல்லியிருந்தார். காலையில் பார்த்துக்கொள்ளட்டும் என்று, இறங்கியாச்சு என்று மட்டும் அனுப்பினேன்.

நாற்பது விநாடியில் பதில் வந்தது.

"சரிங்க சார். சோறு போட்டுக்கறேன்."